சட்டியில அதுக்கு என்ன வேலை?

வாசகர் சமையல் சந்தேகங்கள். பதில் சொல்பவர்: தண்டையார்பேட்டையில் இட்லிக்கடை நடத்தும் அக்கா

கேள்வி: மீன்பிடித் தடைக்காலம் வந்தாலே எங்க வீட்டுல சண்டைதான். வஞ்சிரம் விலை கேட்டாலே பயமா இருக்கு. கருவாடு போட்டா பசங்க மூக்கைப் பொத்திக்குதுங்க. ஞாயித்துக்கிழமை மீன் குழம்புக்கு பதிலா என்னதான் வைக்கிறது? (வாசகி, ராயபுரம்)

பதில்: ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். அந்த 61 நாளும் காசிமேட்டுத் துறைமுகத்துல கட்டிக் கிடக்கிறது விசைப்படகுங்க. பைபர் படகு கரையோரமா போயிட்டு வந்துக்கிட்டுத்தான் இருக்கு. மீனே இல்லைன்னு இல்ல தங்கச்சி, பெரிய மீன்தான் இல்ல. கவளை, நெத்திலி, காரப்பொடி மாதிரி சின்ன மீன் வரும். சீக்கிரம் போனா சங்கராவும் கிடைக்கும்.

வஞ்சிரத்துக்கு ஏன் இப்படி அடிச்சுக்கிறோம்? துண்டு உடையாது, முள்ளு கம்மி. ரெண்டுமே வறுவலுக்கு வேணுங்கிற குணம். குழம்புக்கு வேணுங்கிறது சாறு இறங்குற மீன். கவளையும் சங்கராவும் அந்த வேலையை வஞ்சிரத்தைவிட நல்லாவே செய்யும். பெருமைக்காக வஞ்சிரத்தைக் குழம்புல போடுறவங்களைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். வறுவல் இல்லாம முடியாதுன்னா சீலா, பாறை பாருங்க. இன்னொரு விஷயம், மேற்குக் கடற்கரையில தடை ஜூன் 1-லதான் ஆரம்பிச்சு ஜூலை 31 வரை போகுது. அதனால மே முடியுற வரைக்கும் கேரளா, மங்களூர்ப் பக்கத்து மீன் ஐஸ் பெட்டியில இங்க வரும். செவுளைத் தூக்கிப் பார்த்து, சதையில விரலை அழுத்திப் பார்த்து வாங்குங்க. குழி விழுந்து அப்படியே நின்னுச்சுன்னா வேண்டாம்.

கருவாட்டுக்கு வருவோம். பசங்க மூக்கைப் பொத்துறாங்கன்னா தப்பு கருவாடு மேல இல்ல, கழுவினது பத்தலை. நெத்திலிக் கருவாட்டுத் தலையைக் கிள்ளி எறிஞ்சிட்டு, கை பொறுக்கிற சுடுதண்ணியில 10 நிமிஷம் போடுங்க. அப்புறம் அலசுங்க. பாத்திரத்தோட அடியில மண்ணு நிக்கிறது நின்னு போற வரைக்கும் அலசணும். தண்ணியை வடிச்சு, வெறும் சட்டியில ரெண்டு சுத்து வறுத்தா பாதி கவுச்சி போயிடும், குழம்புல உடையவும் உடையாது. குழம்புல முதல்ல உப்பு போடவே போடாதீங்க. கத்திரிக்காய் முக்கால் வேக்காடு ஆனதும் கருவாட்டைப் போட்டு, கொதிச்சு அடங்கினதும் ஒரு சொட்டு உள்ளங்கையில விட்டுப் பாருங்க. பாதி நாள் உப்பே வேண்டியிருக்காது.

தடைக்காலமும் மாங்காய்க் காலமும் ஒண்ணா வர்றது நமக்கு நல்ல காலம். மாங்காய் போட்டா புளியை நேர் பாதியாக் குறைச்சிடுங்க. புளித்தண்ணி பச்சை வாசனை போன பிறகுதான் மாங்காய். முன்னாடியே போட்டா கரைஞ்சு போய் எங்க இருக்குன்னே தெரியாது.

கருவாடும் வேண்டாம்னா, அதே மசாலாவுல முட்டையை உடைச்சு ஊத்துங்க, கரண்டியைத் தூரமா வைங்க. இல்லேன்னா வாழைக்காய். மீன்ல இருந்து இறங்குற கொழுப்பு இதுல வராது, அதனால நல்லெண்ணெய் ஒரு குழிக்கரண்டி கூட விடுங்க, சின்ன வெங்காயமும் பூண்டும் கொஞ்சம் தாராளமா இருக்கட்டும். இதைச் செய்யாம வெறும் வாழைக்காயைப் போட்டுட்டு "மீன் குழம்பு மாதிரி இல்லையே"ன்னு கேட்டா எப்படி இருக்கும்?

கேள்வி: ரேஷன் புழுங்கல் அரிசியில இட்லி கல்லு மாதிரி வருது. கடை இட்லி அரிசிக்குக் கட்டுப்படியாகலை. அதுவும் இல்லாம அரிசியில மிதக்குற சில மணிங்க வித்தியாசமா இருக்கு, பொறுக்கி எறியுறேன். சரிதானே? (வாசகி, கொருக்குப்பேட்டை)

பதில்: சரியில்ல. அது செறிவூட்டின அரிசி மணி. அரிசி மாவுல இரும்புச்சத்து, போலிக் ஆசிட், பி12 சேர்த்து அரிசி மாதிரியே அச்சுல எடுத்து, 100 கிலோவுக்கு 1 கிலோ கணக்குல கலந்தது. பிளாஸ்டிக் அரிசின்னு போன்ல வர்றதை நம்பி குப்பையில கொட்டாதீங்க. நாலு வீட்டுல சொல்லுங்க.

இப்ப இட்லி. இட்லியில அரிசி உடம்பு, உளுந்து மூச்சு. ரேஷன் அரிசியில உடம்பு கொஞ்சம் கெட்டி, அப்ப மூச்சைக் கூட்டணும். 4 டம்ளர் அரிசிக்கு 1 டம்ளர் உளுந்துன்னு போடுறீங்கன்னா, கால் டம்ளர் கூட்டிக்குங்க. முழு உளுந்தா இருக்கட்டும். வருஷக்கணக்கா டப்பாவுல கிடந்த உளுந்து பொங்கவே பொங்காது. ஒரு ஸ்பூன் வெந்தயம் உளுந்தோட ஊறட்டும், அதுல வர்ற வழவழப்பு காத்தைப் பிடிச்சு வைக்கும். ஒரு கைப்பிடி அவல், அரைக்கிறதுக்கு முன்னாடி நனைச்சுப் போடுங்க. அவல் இல்லையா, நேத்து மிஞ்சின சோறு ஒரு கைப்பிடி. ரெண்டுக்கும் அதே வேலைதான், இட்லி காயாம இருக்கும்.

அரிசி 5, 6 மணி நேரம் ஊறணும். உளுந்தைத் தனியா, குளிர்ந்த தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு அரைக்கணும். கிரைண்டர் சூடானா மாவு பொங்காது. ஒரு சிட்டிகை உளுந்து மாவைத் தண்ணியில போட்டா மிதக்கணும், அமுங்கினா இன்னும் ஓடட்டும். அரிசியை நைசா ஆட்டாதீங்க, விரல்ல தேய்ச்சா ரவை மாதிரி நெருடணும். உப்பு போட்டுக் கையால கலக்குங்க. சித்திரை வெயில்ல 6 மணி நேரத்துல பொங்கிடும், அதுக்கு மேல வெளிய விட்டா புளிச்சு நாறும். மார்கழியில 12 மணி நேரம் ஆனாலும் ஆகும். பொங்கின மாவைத் திரும்பக் கலக்கிக் கொட்டாதீங்க, உள்ள இருக்கிற காத்தெல்லாம் போயிடும். ஓரத்துல இருந்து அள்ளி அள்ளி ஊத்துங்க.

எங்க கடையில துணி இட்லிதான். தண்ணி நல்லாக் கொதிச்ச பிறகுதான் தட்டு உள்ள போகும். வெந்ததும் தட்டைத் திருப்பிப் போட்டு, துணியோட முதுகுல ரெண்டு தெளி பச்சைத் தண்ணி தெளிச்சு, ஒரு மூலையைப் பிடிச்சு இழுத்தா இட்லி ஒண்ணொண்ணா உக்காந்திருக்கும். தெளிக்காம உரிச்சா பாதி இட்லி துணியிலயே நிக்கும்.

கேள்வி: மணலியில கம்பெனி வேலை. ரூம்ல ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு சட்டி, அவ்வளவுதான். மிக்சி இல்ல. நீங்க சொல்றதுல பாதி அரைக்கிற சமாச்சாரமா இருக்கே அக்கா? (வாசகர், மணலி)

பதில்: தம்பி, அரைக்கிறது எதுக்கு? ஒண்ணு வாசனை வர, இன்னொண்ணு குழம்பு கெட்டியாக. வாசனைக்கு பூண்டு, மிளகு, சீரகத்தை ஒரு துணியில முடிஞ்சு, எவர்சில்வர் டம்ளர் அடியால நாலு தட்டு தட்டு. ரசத்துக்கு அது போதும், அரைச்சதைவிட நல்லாவும் இருக்கும். கெட்டிக்கு பொட்டுக்கடலை மாவு ஒரு ஸ்பூன் தண்ணியில கரைச்சு, இறக்கப் போற நேரத்துல ஊத்து. தக்காளியைப் பொடியா நறுக்காத, பாதியா அரிஞ்சு துருவியில தேய்ச்சா தோல் கையில நிக்கும், சாறு சட்டிக்குப் போயிடும். துருவியை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல பேரம் பேசி வாங்கலாம்.

கேள்வி: தேங்காய் விக்கிற விலையில தினம் சட்னிக்குப் போட முடியலை. வேற என்ன போடலாம்? (வாசகி, எர்ணாவூர்)

பதில்: சட்னிக்குன்னா கவலையே இல்ல, வறுத்த வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் பாதிப் பாதி. குருமாவுக்கு கசகசாவும் நாலு முந்திரியும் ஊற வெச்சு அரைங்க. ஆனா பொட்டுக்கடலையைக் குருமாவுல நிறையப் போட்டு ரொம்ப நேரம் கொதிக்க விட்டா பசையாயிடும். அவியலுக்கு மட்டும் பதில் தேடாதீங்க. தேங்காய் இல்லாத நாள்ல வேற ஏதாவது செஞ்சுடுங்க.

கேள்வி: மோர்க்குழம்பு திரிஞ்சு போகுது. (வாசகி, ஓட்டேரி)

பதில்: அரிசியும் துவரம்பருப்பும் ஊற வெச்சு அரைச்சு விடுறது ருசிக்கு மட்டும்னு நினைச்சு விட்டுடுறீங்க. தயிரைத் திரியாம பிடிச்சு வைக்கிறதே அந்த மாவுதான். அரைக்க முடியலைன்னா ஒரு ஸ்பூன் கடலை மாவையோ அரிசி மாவையோ தயிரோட கடைஞ்சுடுங்க. தீ சிம்ல இருக்கட்டும். நுரை கட்டி ஓரம் அசையும்போதே இறக்கிடணும், தளதளன்னு கொதிக்க விடக்கூடாது.

கேள்வி: பீச் ஸ்டேஷன் பக்கம் சாப்பிடுற அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வீட்டுல செஞ்சா அந்த ருசி வரலை. நூடுல்ஸ்ல தப்பா? (வாசகர், வியாசர்பாடி)

பதில்: வியாசர்பாடியில இருந்துக்கிட்டு என்னைக் கேக்குறீங்களே! 1960-கள்ல பர்மாவுல இருந்து திரும்பி வந்த நம்ம ஜனங்க உங்க பேட்டையிலயே இருக்காங்க, பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேளுங்க. இருந்தாலும் சொல்றேன். நூடுல்ஸ் எதுவா இருந்தாலும் பரவாயில்ல, மசாலா இல்லாத தடி நூடுல்ஸா இருந்தா சரி. வேக வெச்சு வடிச்சு எண்ணெய் புரட்டி ஆற விடணும். சூடாப் பிசைஞ்சா கூழாயிடும்.

ருசி பூண்டு எண்ணெயில இருக்கு. பூண்டை மெல்லிசா சீவி, ஆறின எண்ணெயிலயே போட்டு, அப்புறம் அடுப்பைப் பத்த வைங்க. சின்னத் தீ. வெள்ளை மாறி வெளிர் மஞ்சள் ஆனதுமே அணைச்சிடுங்க, மிச்ச சூட்டுலயே சிவந்துடும். சிவக்கட்டும்னு காத்திருந்தா கசப்புதான். அதே மாதிரி வெங்காயமும் பொரிச்சு வைங்க. நூடுல்ஸ், நறுக்கின பச்சை முட்டைக்கோஸ், புளித்தண்ணி, மிளகாய்த் தூள், உப்பு, பொட்டுக்கடலை மாவு ஒரு ஸ்பூன், பூண்டு எண்ணெய், எல்லாத்தையும் கையால பிசையணும். மேல நொறுக்கிப் போடுற பேஜோங்கிற மொறுமொறு வில்லை கிடைக்கலைன்னா தட்டையை நொறுக்கிப் போடுங்க, மொறுமொறுப்புதானே வேணும். அசைவம் சாப்பிடுறவங்க வறுத்த இறால் கருவாட்டுப் பொடி ஒரு சிட்டிகை சேருங்க.

கேள்வி: குழம்புல உப்பு கூடிட்டா உருளைக்கிழங்கு போட்டா இழுத்துக்குமாமே? (வாசகி, திருவொற்றியூர்)

பதில்: கிழங்கு உப்பை மட்டும் தேடிப் பிடிச்சு இழுக்காது, உப்புத் தண்ணியைத்தான் குடிக்கும். மிச்சக் குழம்பு அதே உப்புல நிக்கும். உப்பு போடாத பருப்பையோ தேங்காய்ப் பாலையோ வெந்நீரையோ சேர்த்துக் குழம்பைக் கூட்டுங்க. வீட்டுல ரெண்டு பேர் கூடச் சாப்பிடட்டும்.

கேள்வி: கேக்குக்கு மாவு சலிச்ச பிறகுதான் பேக்கிங் பவுடர் தீர்ந்தது தெரிஞ்சது. ஆப்ப சோடா போடலாமா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: போடலாம், ஆனா அளவு வேற, கூடவே ஒரு புளிப்பும் வேணும். 1 ஸ்பூன் பேக்கிங் பவுடருக்கு கால் ஸ்பூன் ஆப்ப சோடா, அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு இல்லேன்னா வினிகர். புளிப்பு இல்லாம சோடாவை மட்டும் போட்டா சோப்பு வாடை அடிக்கும். கலந்த நிமிஷமே நுரைக்க ஆரம்பிச்சிடும், அதனால ஓவனோ குக்கரோ, மாவு கலக்குறதுக்கு முன்னாடியே சூடேத்தி வைங்க.