பழைய ஜப்பான் பள்ளிக்குப் போகும் முன்

பரிமாற்ற மாணவராகப் படித்த ஜப்பான் உயர்நிலைப் பள்ளியைப் பல ஆண்டுகள் கழித்துப் பார்க்கப் போகிறீர்கள், சொல்லாமல் நேரே போய் நிற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். 2001இல் ஒசாகாவின் இகெடா தொடக்கப் பள்ளியில் குழந்தைகள் கொல்லப்பட்ட பிறகு, ஜப்பான் பள்ளிகளில் வெளியாட்களை எளிதில் உள்ளே விடுவதில்லை. ஒரு மாதம் முன்பே அலுவலகத்துக்கு எழுதுங்கள். படித்த ஆண்டு, வகுப்பு, வகுப்பாசிரியர் பெயர் மூன்றும் இருக்கட்டும்.

அரசுப் பள்ளி என்றால் உங்கள் ஆசிரியர் அங்கே இருப்பது சந்தேகம்தான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள், பெரும்பாலும் ஏப்ரலில். நான் போனபோது தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஷூவைக் கழற்றியதும் என் கால் தானாக மாணவர்களின் ஷூ அலமாரிப் பக்கம் போனது. விருந்தாளிகளுக்கான பச்சை ஸ்லிப்பரை எடுத்து வைத்தார்கள். மனசு கனத்துவிட்டது. ஆனால் அலுவலகத்திலிருந்த பெண்மணி என் ஆசிரியரின் புதிய பள்ளிக்கே போன் போட்டுக் கொடுத்தார். அந்தக் குரலைக் கேட்டதே எனக்குப் போதும் என்றிருந்தது.

ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைவுகூரும் ஓபோன் விடுமுறை, அப்போது போகாதீர்கள். இலையுதிர்காலப் பள்ளி விழா நாளில் பல பள்ளிகள் வெளியாட்களையும் அனுமதிக்கும், அதைக் கேட்டுப் பாருங்கள். அப்புறம், ஆசிரியர் அறைக்குத் தனித்தனியாகச் சுற்றிய இனிப்பு ஒரு பெட்டி கொண்டுபோங்கள்.