திறந்தவெளிக் கூடாரமும் கடிக்கும் பூச்சிகளும்: வாசகர் கேள்வி-பதில்

ஸ்கொட்லாந்தில் இருக்கும் மகன் ஆகஸ்ட் மாதத்தில் எங்களை மலைவெளியில் கூடாரமடித்துத் தங்க அழைக்கிறார். அங்கே ‘மிட்ஜ்’ என்றொரு பூச்சி உண்டாம். இங்கிருந்து நுளம்பு வலை கொண்டு போனால் போதுமா? (கொக்குவில்)

போதாது. மிட்ஜ் என்பது நம்மூரில் கொசு என்று சொல்லும், கடிக்காத சிறு ஈயின் அளவே உள்ள, ஆனால் இரத்தம் குடிக்கின்ற பூச்சி; நீளம் இரண்டு மில்லிமீற்றரைத் தாண்டாததால் நுளம்பு வலையின் கண்களுக்குள்ளால் சுலபமாக நுழைந்துவிடும். அதற்கென நெய்த நுண்கண் வலையுள்ள கூடாரத்தையும் தலைவலையையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். மே மாதக் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை அதன் காலம். விடியலிலும் அந்தியிலும், மப்பும் மந்தாரமுமாய்க் காற்று அசையாதிருக்கும் பொழுதுகளிலும் கூட்டங்கூட்டமாக வரும். காற்று மணிக்குப் பத்து கிலோமீற்றரைத் தாண்டிவிட்டால் அதனால் பறக்க இயலாது. ஆகவே அழகாக இருக்கிறதென்று ஏரிக்கரைப் பள்ளத்தில் தங்காமல், காற்றுப் படும் உலர்ந்த மேட்டைத் தேடுங்கள். பாசியும் கோரையும் படர்ந்த ஈரநிலந்தான் அதன் புழுக்கள் வளரும் இடம். கடிக்கத் தொடங்கிய ஒன்று தன் மணத்தால் மற்றவற்றையும் அழைப்பதால், முதற் கடியிலேயே இடம் மாறுங்கள். அங்குள்ள மிட்ஜ் மனிதருக்கு நோய் எதையும் பரப்புவதில்லை. ஆனால் அதே வெளியில் உள்ள உண்ணி பரப்பும்.

உண்ணி கடித்து ஒட்டிக்கொண்டால் மண்ணெண்ணெய் விடலாமா, தீக்குச்சியால் சுடலாமா? (உரும்பிராய்)

இரண்டும் கூடாது. நுனி மெலிந்த சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, முறுக்காமல், நேராக இழுத்தெடுத்து, இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, திகதியைக் குறித்துவையுங்கள். ஸ்கொட்லாந்தில் கடிபட்டவர், ஒரு மாதத்துக்குள் சிவப்பு வட்டம் பரவுவதைக் கண்டால், லைம் நோயாக இருக்கலாமென்பதால் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

முகாமில் ஏதோ கடித்துவிட்டது, சிவந்திருக்கிறது. என்ன பூசலாம்? (ஊர் எழுதப்படவில்லை)

எங்கே தங்கினீர்கள், பகலிலா இரவிலா கடித்தது, ஒரு கடியா பலவா, காய்ச்சல் உண்டா என்று ஒன்றையும் எழுதாமல் மருந்தின் பெயரை மட்டும் கேட்பவருக்கு நான் எதைச் சொல்வது? பல தடவை எழுதிவிட்டேன்: கடித்தது எதுவென்று முதலில் பாருங்கள், பிறகு கேளுங்கள். அதுவரை சொறியாமல், குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்கள்.

கூடாரத்துக்குள் இரவு முழுவதும் எரிய எத்தனை நுளம்புத்திரி தேவை? நால்வர் தங்குவோம். (சாவகச்சேரி)

ஒன்றுகூட வேண்டாம். இந்தக் கேள்வி ஒவ்வொரு விடுமுறைக்கும் வருகிறது, ஒவ்வொரு முறையும் இதே பதிலைத்தான் எழுதுகிறேன். நுளம்புத்திரியில் நுளம்பை விரட்டும் மருந்து நூற்றில் ஒரு பங்குகூட இராது. மீதி மரத்தூளும் பசையும். ஒரு திரி எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் சுமார் நூறு சிகரெட்டுகளின் புகைக்குச் சமமென்று ஆய்வாளர் அளந்து சொல்லியிருக்கிறார்கள். விறாந்தையில் அது காற்றோடு போய்விடும். நால்வர் படுத்திருக்கும், சிப் இழுத்து மூடிய நைலோன் கூடாரத்துக்குள் அது போவதற்கு அவர்களுடைய நெஞ்சைத் தவிர வேறு இடமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் மணற்காட்டுப் பக்கம் ஒரு பாடசாலை முகாமுக்குத் துணையாகப் போயிருந்தேன். நள்ளிரவு தாண்டி இருமற் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், ஒரு கூடாரத்துக்குள் இரண்டு திரிகள் புகைந்துகொண்டிருந்தன. பிள்ளைகளின் கண்கள் சிவந்து, ஒருவனின் போர்வை ஓரம் கருகியிருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் நான் பிந்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை இன்றும் நினைக்கப் பயமாக இருக்கிறது. மாலையில் வெளியே இருந்து கதைக்கும்போது தகரத் தட்டில் வைத்துக் கொளுத்துங்கள், படுக்கப் போகுமுன் அணைத்துவிடுங்கள். உள்ளே வலையில் கிழிசல் உண்டா என்று பகல் வெளிச்சத்திலேயே பார்த்துத் தைத்து, சிப்பை மூடியபின் உள்ளிருக்கும் இரண்டொன்றைக் கையால் அடித்துவிட்டால் இரவு நிம்மதியாகக் கழியும். குளிருக்காக அடுப்பையோ கரியையோ உள்ளே எடுப்பதும் இதே குற்றந்தான். அந்தப் புகையில் மணமற்ற நஞ்சு உண்டு, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கொக்குவில் அம்மாவும் இதைக் கவனிக்க வேண்டும்.

நெடுந்தீவில் எந்த மாதம் தங்கினால் கடி குறைவு? கடற்கரையில் நுளம்பு இராதுதானே? (வேலணை)

சோளகம் எனும் தென்மேற்குக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை. நம் மூச்சின் மணத்தைப் பின்தொடர்ந்தே நுளம்பு வருகிறது. காற்று அந்த மணத்தைக் கலைத்துவிடும். காற்றோய்ந்த பங்குனியையும், மழை தொடங்கும் ஐப்பசி முதல் தை வரையான காலத்தையும் தவிருங்கள். கடற்கரையை நம்ப வேண்டாம், டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு உவர்நீரிலும் பெருகுவது யாழ்ப்பாணத்திலேயே கண்டறியப்பட்டிருக்கிறது. அது பகலில் கடிக்கும். உண்ணி இருக்கலாமென்பதால், குதிரையும் மாடும் மேய்ந்த புல்லில் விரிப்பில்லாமல் இருக்காதீர்கள்.

உள்ளியும் விற்றமின் மாத்திரையும் சாப்பிட்டால் கடிக்காதா? (நல்லூர்)

கடிக்கும். டீட் அல்லது பிக்காரிடின் என்ற மருந்து 20 சதவீதம் உள்ள பூச்சிவிரட்டியைப் பூசுங்கள்; வெயிற் கிறீம் முதலில், இது பிறகு.

மாரியில் பற்றைக்காட்டருகே தங்கி வந்து பத்து நாளில் காய்ச்சல். இடுப்பில் வலியில்லாத ஒரு கறுத்த பொருக்கு இருக்கிறது. டெங்கா? (கிளிநொச்சி)

இந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்திருக்கக் கூடாது. அந்தப் பொருக்கு உண்ணிக் காய்ச்சலின் அடையாளமாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய சிற்றுண்ணியின் குஞ்சு கடித்த இடந்தான் அப்படிக் கறுக்கும். டெங்கும் கூடவே இருக்கக்கூடுமென்பதால் இரத்தப் பரிசோதனை அவசியம். பரசிற்றமோல் தவிர வேறு வலிமாத்திரை எடுக்காமல், பாமசியில் தானாக மருந்து வாங்காமல், இன்றே வைத்தியசாலைக்குப் போய், பற்றைக்குள் தங்கியதை வைத்தியர் கேட்குமுன்னரே சொல்லி, உடுப்பை விலக்கி அந்தப் பொருக்கைக் காட்டுங்கள்.