ஆக்ட் அப்ரண்டிஸா, கம்பெனி டிரெய்னியா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் இந்த ஆண்டு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவை முடித்தான். ஓசூரில் ஒரு தொழிற்சாலை அவனை மாதம் 7,500 ரூபாய்க்கு ஓராண்டு அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறது. அதே ஊரில் ஓர் ஏஜென்சி, 14,000 ரூபாய்க்கு 'டிரெய்னி' வேலை இருக்கிறது, அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு நாளையே சேரலாம் என்கிறது. அவன் இரண்டாவதற்குத்தான் போகத் துடிக்கிறான். எதில் சேர்ப்பது? – ஒரு தாய், பென்னாகரம் வட்டம்

பதில்: பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அம்மா. அப்ரண்டிஸ், டிரெய்னி, லேர்னர் என்று எந்தப் பெயரை வேண்டுமானாலும் ஒரு நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். உங்கள் மகன் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டப்படி, அரசு இணையதளத்தில் பதிவான ஒப்பந்தத்தின் பேரில் சேர்கிறானா என்பதுதான் கேள்வி. ஓசூர்ப் பையன்கள் இதைத்தான் 'ஆக்ட் அப்ரண்டிஸா, கம்பெனி டிரெய்னியா' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் தொழிற்பிரிவு, பயிற்சிக் காலம், மாத உதவித்தொகை ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். நிறுவனமும் மகனும் (18 வயது நிரம்பாதவனாக இருந்தால் நீங்களும்) அதை ஏற்றிருக்க வேண்டும். பதிவான ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வராத வரை அது வெறும் வாய்ப்பேச்சுதான்.

7,500 ரூபாய் குறைவாகத் தோன்றுவது இயல்பே. 2019இல் திருத்தப்பட்ட விதிகள் ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்றவருக்கு முதலாண்டில் மாதம் 7,000 ரூபாயைக் குறைந்தபட்சமாக வைத்தன. அதற்கு மேல் எவ்வளவு கொடுப்பது என்பது நிறுவனத்தின் விருப்பம். சேரும் நாளில் நடப்பிலுள்ள குறைந்தபட்சத் தொகையை இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்தத் தொகையைச் செய்யும் உருப்படிக் கணக்கில் கொடுக்கவோ, உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில் பழகுநரைச் சேர்க்கவோ சட்டம் இடம் தருவதில்லை. இத்தனை 'பீஸ்' முடித்தால்தான் பணம் என்று யாராவது சொன்னால் அங்கே நடப்பது பயிற்சியன்று. பயிற்சியின் முடிவில் தேர்வெழுதித் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். டிரெய்னியாக ஓராண்டு இருந்தவனிடம் நிறுவனம் மனமுவந்து தரும் அனுபவக் கடிதம் மட்டுமே இருக்கும். இடையில் ஆள் வைத்தது ஏஜென்சி என்றால் பல நேரங்களில் அதுவும் இருக்காது.

எனினும் 14,000 ரூபாயைப் பழிக்க எனக்கு மனமில்லை. வீட்டில் கடன் இருந்து, பையனின் கூலி இந்த மாதமே தேவைப்பட்டால் அந்த வேலைக்குப் போவதில் தவறில்லை. ஆனால் விடுதி, சாப்பாடு, சீருடை, பேருந்து என்று என்னென்ன பிடிப்பார்கள் என்பதையும், வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் யார் பெயரில் கட்டப்படும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். அசல் மதிப்பெண் சான்றிதழை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்க வேண்டாம். தொழிற்பயிற்சி நிலையமொன்றில் வேலைவாய்ப்புப் பிரிவைப் பல ஆண்டுகள் கவனித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஓர் உறையைத் திரும்ப வாங்குவதற்காக மூன்று மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: சிப்காட் அருகே எந்திரப் பட்டறை வைத்திருக்கிறேன். நிரந்தரத் தொழிலாளர் 26 பேர், ஒப்பந்தத் தொழிலாளர் 14 பேர். அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயமா? செலவு எவ்வளவு? ஆண்டு முடிந்ததும் நிரந்தரம் கேட்டு வழக்குப் போடுவார்களோ என்ற அச்சமும் இருக்கிறது. – ஒரு பட்டறை உரிமையாளர், ஓசூர்

பதில்: கட்டாயம்தான். 30 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்கள் மொத்த ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடங்களுக்கு அது விருப்பம். ஒப்பந்தத் தொழிலாளரும் கணக்கில் வருவதால் நிரந்தரத் தொழிலாளர் 26 பேர்தான் என்று நீங்கள் விலகிக்கொள்ள முடியாது. உங்கள் 40 பேருக்குக் குறைந்தது ஒருவர், அதிகபட்சம் ஆறு பேர்.

செலவைப் பொறுத்தவரை, தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ், குறைந்தபட்ச உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் உச்சவரம்புக்குள், அரசு பழகுநரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்துகிறது. 7,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உங்கள் பங்கு 5,500 ரூபாய். பயிற்சி இரண்டாம் ஆண்டுக்கு நீண்டால் உதவித்தொகை 10 விழுக்காடு கூடும். சட்டப்படி பதிவான பழகுநருக்கு வருங்கால வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் வேலையிடத்தில் அவருக்குக் காயம் ஏற்பட்டால் இழப்பீட்டுக்கு நீங்களே பொறுப்பு. ஆகவே ஒரு விபத்துக் காப்பீடு எடுத்து வைப்பது விவேகம். தொழிற்சாலைகளுக்கான சுகாதார, பாதுகாப்பு, நல விதிகளும் அவருக்குப் பொருந்தும்.

நிரந்தரம் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். சட்டத்தின் 18ஆம் பிரிவு பழகுநரைப் பயிற்சி பெறுபவர் என்கிறது. தொழிலாளர் என்று கொள்வதில்லை. பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது பற்றி நிறுவனம் தனக்கென ஒரு கொள்கையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது 22ஆம் பிரிவு. ஒப்பந்தத்திலேயே 'பயிற்சிக்குப் பின் இங்கேயே பணியாற்ற வேண்டும்' என்று எழுதிவிட்டால் மட்டும் அந்த வரி இருவரையும் கட்டும்: அவர் வேலை செய்யவும், நீங்கள் தகுந்த வேலை தரவும். பையன் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று அந்த வரியைச் சேர்க்கும் முதலாளிகள் அது தம்மையும் கட்டுவதை மறந்துவிடுகிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்ரண்டிஸ் என்ற பெயரில் மலிவுக் கூலிக்கு ஆள் சேர்ப்பவர்கள் நம் மாவட்டத்தில் இல்லாமல் இல்லை. ஒருமுறை ஒரு டர்னர் பையனின் பயிற்சிக் கையேட்டைப் புரட்டினேன். அவன் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எல்லாத் தேதிகளுக்கும் எதிரே 'டீபரிங்' என்ற ஒரே சொல் அவன் கையெழுத்தில் இருந்தது. அரம் பிடித்துப் பிசிறு எடுத்து அவன் விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. கடைசல் எந்திரமான லேத்தில் ஒரு முறைகூட அவனை நிற்கவிடவில்லை. எந்திரம் பழுதாகிவிடும் என்பது முதலாளி சொன்ன காரணம். அந்த அச்சம் பொய்யன்று, டூல் விலை எனக்கும் தெரியும். அதற்காகத்தான் தகுதியுள்ள ஒருவரைப் பயிற்சிப் பொறுப்பில் வைக்கச் சட்டம் சொல்கிறது. முதல் மாதம் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடித்து அளக்க விடுங்கள், பிறகு பழைய லேத்தில் கழிவுத் துண்டுகளைக் கடையச் சொல்லுங்கள், கணினி கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. எந்திரத்தின் அருகே அவனைக் கொண்டுபோவது அதற்கப்புறம் ஆகட்டும். தனியாக இதைச் செய்ய இயலாத சிறு பட்டறைகள் சில சேர்ந்து பயிற்சி தரவும் வழி உண்டு.

கேள்வி: மின்னணுவியலில் டிப்ளமோ முடித்து ஒன்றரை ஆண்டு ஒரு கடையில் பழுதுபார்ப்பு வேலை செய்தேன். இப்போது அப்ரண்டிஸாகச் சேரலாமா? – ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: டிப்ளமோவும் பட்டமும் பெற்றவர்களுக்கான தேசியப் பயிற்சித் திட்டம் ஓராண்டுக்கும் குறைவான அனுபவம் உள்ளவர்களுக்கே உரியது, தென் மாநிலங்களுக்கு அதை நடத்துவது சென்னையிலுள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். கடை வேலைக்குச் சம்பளச் சீட்டோ வைப்பு நிதிக் கணக்கோ இல்லையே, மறைத்துவிடலாமா என்று நீங்கள் யோசிக்கக்கூடும்; விண்ணப்பத்தில் பொய்யான உறுதிமொழி தர வேண்டாம். உங்கள் ஒன்றரை ஆண்டு அனுபவம் நேரடி வேலைக்கான தகுதி. அதைக் காட்டியே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட என் தம்பிக்கு 17 வயது. மாங்கூழ் ஆலையில் பருவ காலத்தில் மட்டும் வேலை. அவனுக்கு இதில் இடம் உண்டா? – ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: உண்டு. ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர்களையும் புதியவர்களாகச் சேர்க்கலாம். அவர்களுக்கு 2019 விதிகளின் குறைந்தபட்சத் தொகை 5,000 ரூபாய். ஐ.டி.ஐ. படிக்காதவர் என்பதால் முதலில் அடிப்படைப் பயிற்சி, பிறகே பட்டறைப் பயிற்சி. குறைந்தபட்ச வயது 14 என்றாலும் அபாயகரமான தொழில்களுக்கு 18 ஆக வேண்டும். எனவே தம்பிக்கு எந்தத் தொழிற்பிரிவு என்று பார்த்துச் சேருங்கள். உங்கள் தந்தையோ தாயோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.

கேள்வி: அப்ரண்டிஸாக இருக்கும் என்னைத் தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக நிறுத்துகிறார்கள். பாதியில் விட்டுவிட்டால் பணம் கட்டச் சொல்வார்களா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தருமபுரி

பதில்: தொழிற்பழகுநர் ஆலோசகரின் (இந்தச் சட்டத்துக்காக அரசு நியமிக்கும் அதிகாரி) ஒப்புதல் இல்லாமல் பழகுநருக்கு ஓவர்டைம் தரக் கூடாது. காரணம் எதுவுமின்றி நீங்களாக விலகினால், உங்கள் பயிற்சிக்கு ஆன செலவை நிறுவனம் கேட்க இடமுண்டு. நிறுவனம் ஒப்பந்தத்தை மீறியதால் அது முறிந்தால் இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும். ஆகவே சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். வந்த நேரம், போன நேரம் இரண்டையும் ஒரு நோட்டில் தேதிவாரியாகக் குறித்து, ஒப்பந்த நகலுடன் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலக உதவி இயக்குநரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.