ரெண்டு நாள் உக்காந்து ஒரே ஒரு வரி

அண்ணே வணக்கம். போன வாரம் நீங்க மன்னார்குடி ஆபீசுக்கு வந்தப்ப வெளியில இன்னும் நாலு பேரு காத்துக்கிட்டு இருந்தாங்க, அவசர அவசரமா பேசி அனுப்பிட்டேன், ராத்திரி வீட்டுக்கு வந்தும் மனசு கேக்கல. அதான் ஒக்காந்து டைப் பண்றேன். உங்க பேரு ஊரு எதையும் போடல, ஏன்னா இதே கவலையோட இந்த மாசம் மட்டும் ஏழெட்டு அப்பா அம்மா வந்துட்டாங்க, அவங்களும் படிக்கட்டும். பாப்பாவையும் பக்கத்துல வச்சுக்கிட்டு படிங்க.

நீங்க சொன்னது இதுதான். மச்சினன் பையன் சென்னையில படிக்கிறான், லீட்கோடுங்குற கோடிங் பயிற்சி வெப்சைட்ல 600 கணக்கு போட்டுட்டான், எம்பொண்ணு 140லயே நிக்கிறா, காலேஜ்ல நோட்டீஸ் போர்டுல வரிசை போட்டு ஒட்டிருக்காங்க அதுல இவ பேரு கீழ கெடக்கு, கோட சேத்து வைக்கிற கிட்ஹப்ல, வேலை செஞ்ச நாளுக்கு விழற பச்சை கட்டம் வேற பாதி காலியா இருக்காம், இதுல ஏஐ வந்து கோடெல்லாம் அதுவே எழுதிடுதாம், குறுவை காசு வந்ததும் 60,000 கட்டி ஒரு கோர்ஸ்ல சேத்துவிடவா தம்பின்னு கேட்டீங்க. அப்பறம் செருப்ப மாட்டிக்கிட்டே ஒண்ணு சொன்னீங்க பாருங்க, "நெல்லு மூட்டை கணக்கு பாக்க என்னமோ செஞ்சு வச்சிருக்கா தம்பி, அதுல கூட ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம உக்காந்து கடைசில ஒரே ஒரு வரியதான் மாத்துனாளாம், இப்புடி இருந்தா எந்த கம்பெனில வச்சுப்பான்"னு. நான் உடனே பாப்பாவுக்கு போன் போட்டு அது என்னன்னு கேட்டேன்ணே. அத மொதல்ல சொல்றேன், ஏன்னா நீங்க கேட்ட எல்லாத்துக்கும் பதிலு அதுலதான் இருக்கு.

அவ செஞ்சது சின்ன ப்ரோக்ராம். எந்த தேதில எத்தன மூட்டை போச்சு, ஈரப்பதம் எவ்ளோ, பணம் எப்ப பேங்க்ல ஏறுச்சுன்னு போட்டா மொத்தம் சொல்லும். உங்க வீட்டு கணக்கு சரியா வந்துச்சு. பெரியப்பா வீட்டு கணக்க போட்டப்ப கிலோ ஒதைக்குது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போன மூட்டைய தப்பா கழிக்கிறோமான்னு ஒரு நாள் பூரா பாத்துருக்கா, இல்ல. பெரியப்பாவோட நோட்ட வாங்கி ஒவ்வொரு வரியா கையால கூட்டி பாத்துருக்கா, அப்பதான் புடிபட்டுருக்கு, நீங்க மொத்தத்தையும் கொள்முதல் நிலையத்துலயே போடுறீங்க, அங்க மூட்டைன்னா 40 கிலோ, பெரியப்பா பாதிய களத்துமேட்டுலயே வியாபாரிக்கு குடுத்துருக்காரு, அங்க மூட்டைன்னா 60 கிலோ. மூட்டை எடைய எழுதிவைக்க அவளே தனியா ஒரு கட்டம் வச்சிருந்தா, ஆனா பெருக்குற எடத்துல மட்டும் மறந்துபோயி 40ன்னு நேரா எழுதிட்டா. அந்த ஒரு வரிதான் அவ மாத்துனது.

அண்ணே, நான் 14 வருஷம் சாப்ட்வேர் வேலை பாத்துட்டு ஊருக்கு வந்தவன். சத்தியமா சொல்றேன், என் 14 வருஷத்துல பெரும்பாலான நாள் வேலையே இதுதான். ஒரே வார்த்தைய ரெண்டு பேரு ரெண்டு அர்த்தத்துல சொல்லுவாங்க, அது எங்கயோ கணக்குல போயி ஒக்காந்துக்கும், அத தேடி எடுக்கணும். எழுதுறது அஞ்சு நிமிஷம், தேடுறது ரெண்டு நாள். "மூட்டைன்னா எத்தன கிலோ"ன்னு கேக்க தோணுச்சு பாருங்க, அதுக்குதாண்ணே சம்பளமே.

வரிய எண்ணி ஆள அளக்குறது புதுசு இல்ல. 1982ல ஆப்பிள் கம்பெனில லிசாங்குற கம்ப்யூட்டர செஞ்சுக்கிட்டு இருந்தப்ப, வாராவாரம் எத்தன வரி எழுதுனீங்கன்னு இஞ்சினியருங்கள ஃபார்ம்ல எழுதி குடுக்க சொன்னாங்க. பில் அட்கின்சன்னு ஒருத்தரு, திரையில படம் வரையிற பகுதிய மாத்தி எழுதி ஏறக்கொறைய ஆறு மடங்கு வேகமாக்கிட்டாரு, அப்படி எழுதுனதுல 2,000 வரி கொறஞ்சுபோச்சு, ஃபார்ம்ல மைனஸ் 2,000ன்னு எழுதி குடுத்துட்டாரு. கொஞ்ச வாரத்துல அவர்கிட்ட ஃபார்ம் கேக்குறதையே விட்டுட்டாங்க. பாப்பா சிலபஸ்ல டைக்ஸ்ட்ரா அல்காரிதம்னு ஒண்ணு இருக்கும், அந்த டைக்ஸ்ட்ராவும் 1988ல இதையேதான் எழுதுனாரு, வரிய எண்ணியே ஆகணும்னா அத விளைச்சல் பக்கம் எழுதாதீங்க, செலவு பக்கம் எழுதுங்கன்னு. விவசாயிக்கு இத நான் வெளக்கணுமா.

உங்களுக்கு இன்னும் கிட்டத்துல சொல்றேன். ஜூன் 12 மேட்டூர் தொறக்குறதுக்கு முன்னாடி தூர்வாருறாங்க, இத்தன கிலோமீட்டர் முடிஞ்சுதுன்னு போர்டு வைக்கிறாங்க, நீங்க அந்த போர்ட பாத்தா நிம்மதியா தூங்குவீங்க? திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடைல சி, டி பிரிவு சின்ன வாய்க்கால்ல தண்ணி வந்துச்சா, ஐப்பசி மழைல வடிஞ்சுதா, அத வச்சுதானே பேசுவீங்க. கிலோமீட்டர எண்றது சுலபம், அதனால அத எண்றாங்க. 600ம் அப்படித்தான், பச்சை கட்டமும் அப்படித்தான். ஒரு எழுத்த மாத்தி சேவ் பண்ணாலே கட்டம் பச்சையாயிடும்ணே, அதுக்குன்னே தெனம் ஒரு புள்ளி வச்சு எடுக்குற பசங்க இருக்காங்க. சார்லஸ் குட்ஹார்ட்டுனு இங்கிலாந்து பொருளாதார நிபுணர் ஒருத்தர் 1975ல பண விவகாரத்துல சொன்னத இப்ப எல்லா துறையிலயும் சொல்றாங்க, ஒரு அளவையே குறிக்கோளா வச்சுட்டா அது நல்ல அளவா இருக்கறது நின்னுபோயிடுதுன்னு.

இத நான் நேர்லயே பாத்துருக்கேன், இன்னைக்கும் நெனச்சா வயிறு எரியுது. நான் இருந்த ஒரு கம்பெனில மாசத்துக்கு எத்தன டிக்கெட், அதாவது ஒவ்வொரு வேலைக்கும் போடுற சீட்டு, முடிச்சீங்கன்னு எண்ண ஆரம்பிச்சாங்க. ரெண்டே மாசத்துல ஒரு வேலைய மூணா ஒடைச்சு மூணு டிக்கெட்டா போட பழகிட்டோம், கஷ்டமானத யாரும் தொடமாட்டோம். எங்க டீம்ல ஒரு அக்கா இருந்தாங்க, டிக்கெட் கணக்குல எப்பவுமே கடைசி, ஏன்னா பாதி நாள் எங்க கோட படிச்சு தப்ப சொல்லிக்கிட்டு இருப்பாங்க, ஒரு தடவ கஸ்டமர்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டு, மூணு வாரம் செய்ய இருந்த வேலைய செய்யவே தேவையில்லன்னு ஆக்குனாங்க. அந்த மூணு வாரம் எந்த டிக்கெட்லயும் வரல. அந்த வருஷ அப்ரைசல்ல அவங்களதான் கீழ தள்ளுனாங்க, அவங்களும் கெளம்பி போயிட்டாங்க, அடுத்த மாசக்கடைசி கணக்கு ஓடாம நின்னப்ப எங்க பாக்கணும்னே எங்க யாருக்கும் தெரியல. பாப்பா அந்த அக்கா மாதிரி வரணும்னுதான் நான் ஆசப்படுறேன்.

அதுக்காக லீட்கோடே வேணாம்னு சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. கேம்பஸ்ல மொத வடிகட்டுறதே டெஸ்ட் வச்சுதான், அது நமக்கு புடிச்சாலும் புடிக்காட்டியும் அப்படித்தான். 140 கொறைச்சல் இல்ல, ஆனா அதுல எத்தனைய இப்ப பதில பாக்காம திரும்ப போட முடியும், ஏன் அப்படி போட்டேன்னு வாயால சொல்ல முடியும்னு பாக்க சொல்லுங்க, முடியாதத திரும்ப போடட்டும், 200 தாண்டுனா போதும். ஆப்டிட்யூட் தெனம் அர மணி நேரம்.

மத்த நேரம் எதுக்குன்னா, நாளைக்கும் நிக்கிற விஷயத்துக்கு. நான் வேலைக்கு சேந்த புதுசுல வெப்சைட்ல படம் ஓடவைக்கிற ஃபிளாஷ்னு ஒண்ண ஆறு மாசம் விழுந்து விழுந்து படிச்சேன், 2020 கடைசில அத மூடியே புட்டாங்க. ஆனா காலேஜ்ல வேண்டாவெறுப்பா படிச்ச எஸ்.க்யூ.எல்., டேட்டாபேஸ்ல தகவல் கேட்டு எடுக்குற மொழி, அது 1970கள்ல வந்தது, இன்னைக்கும் பேங்க்ல இருந்து ரேஷன் கடை வரைக்கும் கணக்கு வைக்கிற எடத்துலயெல்லாம் அதோட வாசனை இருக்கும். லினக்ஸ்ங்குற ஆபரேட்டிங் சிஸ்டம் 1991, கோட்ல செஞ்ச மாத்தத்த பதிஞ்சு வைக்கிற கிட் 2005, இதெல்லாம் இன்னும் பல வருஷம் சோறு போடும். இத விட முக்கியம், அடுத்தவன் எழுதுன கோட பொறுமையா படிக்கிறது. காலேஜ்ல யாருமே இத சொல்லித்தர்றதில்ல, எழுத மட்டும்தான் சொல்றாங்க, வேலைக்கு போனா பத்து வருஷம் முன்னாடி எவனோ எழுதி வச்சதுலதான் ஒக்காரணும். அப்பறம் கோட் சரியா ஓடுதான்னு சோதிக்கிற டெஸ்ட் எழுதறது, எங்க தப்பாகும்னு முன்கூட்டியே யோசிக்கிறது, செஞ்சத நாலு வரில அடுத்தவனுக்கு புரியிற மாதிரி எழுதறது. இங்கிலீஷ் தடுமாறுனா மொதல்ல தமிழ்ல தெளிவா எழுதிட்டு மாத்தட்டும், நெனப்பு தெளிவா இருந்தா மொழி பின்னாடி வந்துடும்.

ஏஐ பத்தி பயந்தீங்க. கோட் எழுதுற வேகம் கூடிருக்குங்கறது உண்மைதான், ஆனா வேகம்னு நாம உணர்றதும் நெஜமும் ஒண்ணான்னு பாக்கணும். மெட்ருங்குற அமைப்பு 2025ல ஒரு சோதனை வச்சாங்க, அனுபவசாலிங்க 16 பேரு, அவங்க வருஷக்கணக்கா பாத்துட்டிருக்கிற ப்ராஜெக்ட்லயே 246 வேலை. ஏஐ வச்சு செஞ்சப்ப 19 சதவீதம் கூட நேரம் ஆயிருக்கு, ஆனா கேட்டா 20 சதவீதம் சீக்கிரம் முடிச்சோம்னு சொல்லிருக்காங்க. சின்ன சோதனைதான், அப்ப இருந்த டூலுக்குதான், எல்லாருக்கும் அப்படியேன்னு சொல்லமுடியாது. ஆனா தன் வேகத்தையே ஒருத்தனால சரியா அளக்க முடியலன்னு தெரியுதுல்ல. பாப்பா ஏஐ யூஸ் பண்ணட்டும், பண்ணாம இருக்கவும் முடியாது, ஆனா அது குடுத்த கோட எடுத்து ஒட்டறதுக்கு முன்னாடி ஸ்கிரீன மூடிட்டு இது என்ன செய்யுதுன்னு உங்ககிட்டயே சொல்லச்சொல்லுங்க, உங்களுக்கு கோட் தெரியணும்னு இல்ல, அவ திக்குறாளா இல்லையான்னு பெத்த அப்பனுக்கு தெரியும். மூட்டைன்னா 40 கிலோன்னு ஏஐயும்தான் எழுதி குடுத்துருக்கும். பெரியப்பா நோட்ட வாங்கி பாக்க அது களத்துமேட்டுக்கு வராது.

அந்த 60,000த்த கட்டாதீங்கண்ணே. சம்பா செலவுக்கு வச்சுக்கங்க. காலேஜ்லயே நான் முதல்வன் திட்டத்துல கோர்ஸ் இருக்கு, என்பிடெல்ங்குற வெப்சைட்ல ஐ.ஐ.டி. வாத்தியாருங்க நடத்துற பாடம் முழுசும் ஓசிலயே பாக்கலாம், சர்டிபிகேட் பரீட்ச எழுதணும்னா மட்டும் 1,000 ரூபா பக்கம் ஆகும், டேட்டாபேஸ் பாடத்துல இருந்து ஆரம்பிக்கட்டும். "100 சதவீதம் ப்ளேஸ்மென்ட்"னு போட்டுருக்கான்னு சொன்னீங்கல்ல, எத்தன பேரு சேந்தாங்க, எத்தன பேருக்கு எந்த கம்பெனில எவ்ளோ சம்பளம்னு எழுத்துல கேளுங்க, அந்த பேச்சு அங்கயே நின்னுடும்.

மச்சினன் பையன் பேச்ச வீட்டுல எடுக்காதீங்க, தயவு செஞ்சு. போன்ல பேசுறப்ப அந்த 40 கிலோ கதைய சொல்லும்போது அவ குரல்ல இருந்த சந்தோஷம், கடைசில "ஆனா அப்பாவுக்கு இதெல்லாம் புடிக்கல சார்"னு சொன்னப்ப அப்படியே எறங்கிடுச்சு.

வர்ற ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மேல ரெண்டு பேரும் வாங்க. சர்டிபிகேட் ஃபைலு வேணாம், லேப்டாப்பும் பெரியப்பாவோட அந்த நோட்டும் மட்டும் போதும், வியாபாரி மூட்டைக்கு 60க்கு பதிலா 62 கிலோ போட்டு எடுத்த கணக்கு ஏதாவது அதுல இருக்கான்னு பாத்து வச்சுக்க சொல்லுங்க.