எக்ஸ்ரேயில் தெரியாத நாய் முழங்கால் குருத்தெலும்பு எம்ஆர்ஐயில் எப்படித் தெரிகிறது?

பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் நாய் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: நாய் பின்னங்காலை நொண்டுகிறது, எக்ஸ்ரே நார்மல் என்கிறார்கள், அப்புறம் எம்ஆர்ஐ எதற்கு?

முழங்காலில் எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான படலம்தான் குருத்தெலும்பு. நாய்க்குப் பல இடங்களில் அது ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. பெரும்பங்கு தண்ணீர்தான். எக்ஸ்ரேயை நன்றாக மறிக்கிற கால்சியம் அதில் இல்லாததால், படத்தில் வெறும் இடைவெளியாகத்தான் விழும். எம்ஆர்ஐ அப்படியில்லை, தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனை வைத்தே படம் எடுக்கிறது.

இதிலேயே ‘டி2 மேப்பிங்’ என்று ஒரு முறை உண்டு. மழையில் ஊறிய கேரம் போர்டை நினைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்குப் பலகை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஈரம் உள்ளே இறங்கியிருக்கும். ஸ்ட்ரைக்கர் பாதியில் நின்றுவிடும். பலகை உரிவது அதற்கப்புறம். குருத்தெலும்பும் தேய்வதற்கு முன்பே உள்ளிழைகள் தளர்ந்து கூடுதல் நீர் கோக்கும். டி2 அளப்பது அந்த மாற்றத்தை. படலம் மெல்லியது என்பதால் சக்திவாய்ந்த கருவி வேண்டும். நாய் அசையாமலிருக்க மயக்க மருந்தும் வேண்டும். சின்ன விஷயமில்லை, செலவும்தான்.

அதற்காக, நொண்டும் நாய்க்கெல்லாம் முதலில் எம்ஆர்ஐ என்று நினைப்பது தவறு: தொடையெலும்பைப் பிடித்துக்கொண்டு கீழ்க்கால் எலும்பை முன்னால் தள்ளிப் பார்த்தே, முழங்காலுக்குள் இந்த இரண்டு எலும்புகளையும் பிணைக்கும் சிலுவைத் தசைநாரில் அடிக்கடி வரும் கிழிசலை டாக்டர் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்.