கழுத்துக் கத்தி: கேள்வியும் பதிலும்

சென்ற இதழின் கருவிப் பகுதியில், அலகும் பிடியும் சேர்ந்து ஒரு சாணுக்கும் குறைவான, உறையோடு கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிடும் சிறு கத்தியைப் பற்றி நான்கே வரிகள் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிகளுக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவரின் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளேன்.

ஐயா, விடுமுறை நாள்களில் பிடோக் படகுத்துறையில் தூண்டில் போடுவது என் வழக்கம். வெளிநாட்டுக் கைவினைஞர் ஒருவர் செய்த கழுத்துக் கத்தி என்னிடம் இருக்கிறது. உறையோடு 70 கிராம்தான். வீட்டிலிருந்தே மாட்டிக்கொண்டு போகலாமா? சட்டைக்குள்தானே இருக்கப் போகிறது? (பிடோக் வாசகர்)

சட்டைக்குள் இருப்பதுதான் சிக்கலே. தாக்குதல் ஆயுதங்கள் குறித்த நம் சிங்கப்பூர்ச் சட்டம் 1958ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சட்டபூர்வமான அதிகாரமோ நோக்கமோ இல்லாமல் பொது இடத்தில் அத்தகைய ஆயுதத்தை வைத்திருப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறையும், அதனுடன் பிரம்படியும் விதிக்க அது இடமளிக்கிறது. தாக்கப் பயன்படுத்தினால் காயம் விளைவிக்கக்கூடிய கருவி எதுவும் அந்த வரையறைக்குள் வந்துவிடக்கூடும் என்பதால், 70 கிராம், 7 சென்டிமீட்டர் என்றெல்லாம் சொல்லித் தப்ப முடியாது. படகுத்துறையில் இறாலை நறுக்கிக்கொண்டிருப்பவரின் கையில் கத்தி ஏன் இருக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதே கத்தி, இரவு பத்து மணிக்கு உணவங்காடியில் தேநீருக்காக வரிசையில் நிற்பவரின் பனியனுக்குள் இருந்தால், அதற்கு அவர் சொல்லக்கூடிய காரணம் என்ன? ‘தேவைப்படலாம் என்று வைத்திருந்தேன்’ என்பது காரணம் ஆகாது. ‘பாதுகாப்புக்காக’ என்று சொன்னால் நிலைமை இன்னும் மோசமாகும்.

ஆகவே, கத்தியை உறையிலிட்டுத் தூண்டில் பெட்டியின் அடியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். துறையில் தூண்டிலைப் போட்ட பிறகு மாட்டிக்கொள்ளுங்கள். பெட்டியை மூடும்போது கத்தியும் உள்ளே போகட்டும். நாள்தோறும், போகுமிடமெல்லாம் கத்தியை உடலோடு வைத்துக்கொள்ளும் பழக்கம் அமெரிக்கக் காடுகளுக்கும் பண்ணைகளுக்கும் பொருந்தலாம். புளோக்கின் கீழேயே கடையும் பேருந்து நிறுத்தமும் இருக்கும் நமக்கு அதில் பொருளில்லை என்பது என் உறுதியான எண்ணம். வீட்டிலும் பட்டறையிலும் நீர்க்கரையிலும் இது அருமையான கருவி என்பதையும் அதே உறுதியோடு சொல்வேன்.

கத்தியின் பிடியில் ஐந்து ஓட்டைகள் போட்டிருக்கிறார்கள். எடையைக் குறைக்கத்தான் என்று விற்பவர் சொன்னார். உண்மையா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

உண்மைதான், ஆனால் அவர் சொன்ன அளவுக்கு இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஃகு ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7.85 கிராம் எடையுள்ளது. 15 சென்டிமீட்டர் நீளம், சராசரியாக 2 சென்டிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட பட்டை 9 கன சென்டிமீட்டர். அதாவது 70 கிராமுக்குச் சற்றே அதிகம். அதில் 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் ஓட்டை போட்டால் 1.2 கிராம் போகிறது. ஐந்து ஓட்டைகளுக்கு 6 கிராம். பிறகு பிடி வழுக்குகிறது என்று அதன்மேல் பாராசூட் கயிற்றை 2 மீட்டர் சுற்றுகிறோம். அந்தக் கயிறு மீட்டருக்கு 6 முதல் 7 கிராம் வரை இருக்கும். ஓட்டையில் மிச்சப்படுத்தியதைப் போல இருமடங்கைக் கயிற்றில் திருப்பிக் கொடுத்துவிட்டோம்!

எடை உண்மையில் குறைவது தடிமனில்தான். அதே பட்டையை 3 மில்லிமீட்டருக்குப் பதில் 2.5 மில்லிமீட்டரில் எடுத்தால் ஒரேயடியாக 12 கிராம் குறைகிறது. முதுகிலிருந்து கூர் வரை சரிவாகத் தேய்த்து இறக்கினால் அலகின் எடையில் இன்னொரு பெரும் பங்கு போய்விடும். கத்தி நன்றாக வெட்டவும் செய்யும். தடித்த முதுகும் குறுகிய சரிவும் உள்ள கத்தி, பார்ப்பதற்கு முரட்டுத்தனமாக இருந்தாலும், ஆப்பிளை நறுக்காமல் பிளக்கும். நல்ல கைவினைஞரை அடையாளம் காண வேண்டுமானால் ஓட்டைகளை எண்ணாதீர்கள். கூருக்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை விரல்களுக்கிடையே பிடித்துப் பாருங்கள்.

கையால் செய்தது என்று 250 வெள்ளி கேட்கிறார்கள். அப்படியென்றால் உலையில் காய்ச்சி அடித்ததா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பெரும்பாலும் அப்படி இருக்காது. அதில் ஏமாற்றும் இல்லை. இன்று கழுத்துக் கத்தி செய்பவர்களில் பலர், ஆலையிலிருந்து வரும் எஃகுத் தகட்டை வாங்கி, வடிவத்தை வரைந்து அறுத்து, பட்டைச் சாணையில் தேய்த்து எடுக்கிறார்கள். இவ்வளவு சிறிய அலகைச் சம்மட்டியால் அடித்து உருவாக்குவதால் தனிப் பலன் ஏதும் கிடைத்துவிடாது. பணம் போக வேண்டிய இடம் நம் ஊர்க் கொல்லர்கள் ‘தோய்ச்சல்’ என்று சொல்லும் வெப்பப் பதம். 1095 என்று எண்ணிட்ட, 0.95 விழுக்காடு கரிமம் உள்ள எஃகை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 800 பாகை செல்சியசுக்குக் காய்ச்சி வேகமாக எண்ணெயில் அமிழ்த்த வேண்டும். அப்போது அது கண்ணாடியைப் போலாகிவிடும். தரையில் விழுந்தால் உடையலாம். பிறகு 200 பாகையில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை வாட்டினால், கடினம் சற்றே இறங்கி, ராக்வெல் என்னும் கடின அளவில் 60ஐ ஒட்டி நிற்கும். வாங்கும்போது எஃகின் பெயரையும் ராக்வெல் எண்ணையும் கேளுங்கள். இரண்டையும் தயங்காமல் சொல்பவரிடம் 250 வெள்ளி கொடுக்கலாம். கைப்பிடி மரம் எந்தத் தீவிலிருந்து வந்தது என்று மட்டும் கதை சொல்பவரிடம் வேண்டாம்.

இருபுறமும் கூருள்ளதை வாங்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெட்டும்போது கட்டைவிரலை ஊன்றி அழுத்த முதுகு வேண்டும்.

ஐயா, என் கணவர் வீட்டில் மீன் தொட்டி வேலை, செடி வேலை என்று இந்தக் கத்தியைக் கழுத்தைவிட்டுக் கழற்றுவதில்லை. பனியன்களில் பழுப்புக் கறை விழுகிறது. சலவைத்தூள் எதற்கும் போகவில்லை. (ஈசூன் வாசகி)

அம்மா, அது துரு. அவர் வைத்திருப்பது கரிம எஃகுக் கத்தியாகவும் உறை தோலாகவும் இருக்க வேண்டும். அந்தச் சேர்க்கை குளிர்நாடுகளுக்குச் சரி. நம் ஊரின் ஈரக் காற்றில் வியர்வையின் உப்பைத் தோல் உறிஞ்சி, நாள் முழுவதும் அலகின்மேல் பற்றுப் போட்டதுபோல் வைத்திருக்கும். நானும் இதே தவற்றைச் செய்தவன்தான். ஒரு டிசம்பர் மழைக்காலத்தில், தோல் உறையில் செருகிய கத்தியைப் பத்து நாள் அலமாரியில் மறந்துவிட்டு, வெளியே இழுத்தபோது உறையின் தையல் வரிசை அப்படியே புள்ளிப் புள்ளியாக அலகில் பதிந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் அந்தப் புள்ளிகளில் சில இன்றும் இருக்கின்றன.

கைடெக்ஸ் என்னும் நெகிழித் தகட்டை சூடாக்கி, கத்தியின்மேல் அழுத்தி எடுத்த உறைக்கு மாறச் சொல்லுங்கள். அது நீரை உறிஞ்சாது. அடியில் ஒரு சிறு வடிதுளை இருக்க வேண்டும். கத்தியை மாலையில் கழுவி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்கட்டும். வாழைக்காய் நறுக்கிய அரிவாள்மனை கறுத்துப்போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கறுப்பு வேறு, சிவந்த துரு வேறு. கறுப்பைத் தேய்த்து எடுக்க வேண்டாம். அது ஓரளவு காப்பு. இதற்கெல்லாம் அவருக்குப் பொறுமை இல்லையென்றால், அடுத்த பிறந்த நாளுக்கு 14 விழுக்காடு குரோமியம் உள்ள 14சி28என் போன்ற துருவேறா எஃகில் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். பனியன் கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் காயவைத்துப் பாருங்கள். குளோரின் வெளுப்பான் வேண்டாம். கறை இன்னும் நிலைத்துவிடும்.

எந்தக் கயிறு நல்லது? (பொங்கோல் வாசகர்)

அறுந்துபோகும் கயிறு. பாராசூட் கயிறு 550 பவுண்டு எடை தாங்கும் என்று பெருமையாக விற்கிறார்கள். எதிலாவது மாட்டிக்கொண்டால் அறாமல் உங்கள் கழுத்தைத்தான் இறுக்கும். மணிச்சங்கிலியோ, இழுத்தால் கழன்றுவிடும் பூட்டு வைத்த கயிறோ போதும். பிடி கீழ்நோக்கித் தொங்கும் கத்தியாயின், மாட்டுவதற்கு முன் மெத்தைக்கு மேலே, பிடி கீழே இருக்குமாறு உறையைப் பிடித்துப் பலமாக உதறுங்கள். விழுந்தால் உறையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துளைபொறி, கடைசல் எந்திரம் போன்ற சுழலும் எந்திரங்களின் முன்னே கழுத்தில் எதுவுமே தொங்கக்கூடாது.

என் தாத்தா திருச்செந்தூர்ப் பக்கம் பனையேறி. அவரும் கத்தியை உடம்பிலேயே கட்டியிருப்பாராம். இதுவும் அதுவும் ஒன்றா? (தெம்பனிஸ் வாசகர்)

நோக்கம் ஒன்று, இடம் வேறு. இரு கைகளும் மரத்துக்கு வேண்டும் என்பதால் அவர்கள் பாளை அரிவாளை அரிவாள் பெட்டியில் இட்டு இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். பனையேறியின் நெஞ்சு மரத்தோடு உரசிக்கொண்டே ஏறும். அங்கே கத்தியைத் தொங்கவிட இடமேது? நீங்களும் ஏணியில் ஏறவோ குனிந்து தொட்டி தூக்கவோ வேண்டியிருந்தால், உறையைக் கழுத்திலிருந்து கழற்றி இடுப்புப் பட்டையில் செருகிக்கொள்ளுங்கள். நல்ல கைடெக்ஸ் உறைகளின் ஓரத்தில் அதற்கென்றே துளைகள் இருக்கும்.