கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்குப் பர்க் புரிவாரா?

கேள்வி: அரசியல் தத்துவத்தில் முதுகலை படிக்கிறேன். மரபுசார் பழமைவாதத்தின் சமய, தத்துவ வேர்கள் குறித்துக் கருத்தரங்கில் இருபது நிமிடக் கட்டுரை வாசிக்க வேண்டும். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கிறித்தவ இறையியலை ஏற்காதவர் இதைப் பற்றி எழுதவே கூடாது என்கிறார் ஒருவர்; சமயம் வெறும் மேற்பூச்சு, சுரண்டி எறிந்துவிட்டு எழுதுங்கள் என்கிறார் இன்னொருவர். கட்டுரையை ஆய்விதழில் வெளியிட்டுத் தருவதாகச் சொல்லும் முகவர் ஒருவர், ஆயத்தமான மேற்கோள் தொகுப்பையும் அனுப்பியிருக்கிறார். யாரை நம்புவது?

பதில்: முதல் இருவரையும் நம்ப வேண்டாம். மூன்றாமவர் அனுப்பிய தொகுப்பைத் திறக்கவே வேண்டாம். அவரிடம் பிறகு வருகிறேன். ஒரு சிந்தனையைப் புரிந்துகொள்வதற்கு அதை நம்ப வேண்டிய கட்டாயமில்லை, ஆனால் நம்பியவர் எதை நம்பினார், அந்த நம்பிக்கை அவருடைய வாதத்தில் எந்த இடத்தைத் தாங்கி நிற்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சமயம் மேற்பூச்சு என்று சொன்னவர், பழமைவாதத்தின் தந்தையாகக் கருதப்படும் பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க்கின் நூல் எப்படிப் பிறந்தது என்பதையே கவனிக்கவில்லை. 1789 நவம்பர் 4 அன்று, இங்கிலாந்தில் மன்னரை நீக்கிய 1688ஆம் ஆண்டுப் புரட்சியின் நினைவு நாளில், இலண்டனின் ஓல்டு ஜூரி பகுதியில் இருந்த ஒரு வழிபாட்டுக் கூடத்தில், அரசுத் திருச்சபையைச் சேராத போதகரான ரிச்சர்ட் பிரைஸ் ஒரு பிரசங்கம் செய்தார். ஆள்பவர்களைத் தேர்ந்தெடுக்கவும், தவறு செய்தால் நீக்கவும், தமக்கான அரசை அமைத்துக்கொள்ளவும் மக்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லி, பிரான்சில் நடப்பதை வாழ்த்தினார். அதற்கு இரண்டு நாள் முன்புதான் பிரெஞ்சுத் தேசிய மன்றம் திருச்சபைச் சொத்துகள் அனைத்தையும் நாட்டின் வசமாக்கியிருந்தது. பிரெஞ்சுப் புரட்சி பற்றிய பர்க்கின் நூல், 1790 நவம்பரில், இந்தப் பிரசங்கத்தை முன்னிறுத்தியே வெளிவந்தது. அரசியலும் பிரசங்க மேடையும் ஒத்துப்போகாதவை என்று அவர் அந்த நூலிலேயே சலித்துக்கொள்கிறார் என்பது வேடிக்கை. எப்படிப் பார்த்தாலும் சமயச் சண்டையில் தொடங்கிய நூல் அது.

வேர் அதைவிடப் பழையது. உரோம நகரம் 410இல் சூறையாடப்பட்ட பின்னர், புனித அகுஸ்தினார் 413 முதல் 426 வரை எழுதிய பெருநூலில், ஆதிப் பாவத்தால் ஊனப்பட்ட மனிதன் கட்டும் எந்த நகரமும் இறைவனின் நகரமாகிவிடாது என்று வாதிட்டார். அரசியலால் மனிதனை முழுமையாக்கிவிடலாம் என்ற வாக்குறுதியைக் கேட்டதும் பழமைவாதிக்கு ஏற்படும் அச்சம் இங்கிருந்து வருகிறது. சட்டத்தை மாற்றுவதில் பழமைவாதிக்கு இருக்கும் தயக்கமோ அரிஸ்டாட்டிலிடம் போய் நிற்கிறது. நகரத்துக்குப் பயன்படும் புதுமையைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசளிக்க வேண்டும் என்று ஹிப்போடாமஸ் என்பவர் யோசனை சொன்னபோது, அரிஸ்டாட்டில் அதை மறுத்தார். மருத்துவத்திலோ கைத்தொழிலிலோ முறையை மாற்றுவது வேறு, சட்டத்தை மாற்றுவது வேறு. மக்களைக் கீழ்ப்படிய வைக்கப் பழக்கத்தைத் தவிரச் சட்டத்துக்கு வேறு பலம் இல்லை, பழக்கம் ஏற்படக் காலம் பிடிக்கும் என்பது அவருடைய காரணம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதே இடத்தைச் சுட்டிக்காட்டி, சட்டத்தை மாற்றுவதே பொது நலனுக்கு ஓரளவு சேதம், அந்தச் சேதத்தை ஈடுகட்டும் நன்மை இருந்தால் மட்டுமே மாற்றலாம் என்றார். வேதத்தில் எழுதியிருப்பதைத் தவிர வேறெதுவும் திருச்சபை ஒழுங்கில் இருக்கக் கூடாது என்று தூய்மைவாதிகள் முழங்கியபோது, ஆங்கிலத் திருச்சபை இறையியலாளரான ரிச்சர்ட் ஹூக்கர் 1593இல் பகுத்தறிவையும் நெடுநாள் வழக்கத்தையும் முன்வைத்து அவர்களுக்குப் பதில் எழுதினார். உங்கள் கட்டுரைக்கு இந்தச் சங்கிலி போதும். பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்த மேஸ்த்ர், போனால்ட் முதலிய பிரெஞ்சு மொழிச் சிந்தனையாளர்களை இருபது நிமிடத்துக்குள் இழுத்துவராதீர்கள்.

இப்போது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும், சமய வேர் இல்லாத விதிவிலக்குக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நாத்திகர் என்ற சந்தேகத்தால் 1745இல் எடின்பரோவில் பேராசிரியர் பதவி மறுக்கப்பட்டவர் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம். மக்கள் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்துதான் அரசு பிறந்தது என்ற கொள்கையை அவர் 1748இல் ஒரு கட்டுரையில் தாக்கினார். ஏறத்தாழ எல்லா அரசுகளும் படையெடுப்பிலோ அபகரிப்பிலோ தோன்றியவைதான், காலமும் பழக்கமும்தான் அவற்றுக்கு நியாயம் தந்தன என்பது அவர் வாதம். அதில் அவர் தரும் உவமையைக் கவனியுங்கள்: பட்டுப்புழுக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் போல ஒரு தலைமுறை மொத்தமாக மறைந்து அடுத்தது மொத்தமாகத் தோன்றினால், புதியவர்கள் தங்கள் விருப்பப்படி ஓர் அரசைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், மனிதர்களோ நாள்தோறும் ஒருவர் பிறக்க ஒருவர் இறக்க, கலந்தே வாழ்கிறார்கள். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துப் பர்க் எழுதுவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: மனம் போனபடி அரசை மாற்றிக்கொண்டே போனால் தலைமுறைக்கும் தலைமுறைக்கும் தொடர்பு அறுந்து, மனிதர்கள் ஒரு கோடைக்கால ஈக்களைவிட மேலானவர்களாக இருக்க மாட்டார்கள். ஐயவாதியும் விசுவாசியும் ஒரே முடிவைச் சொல்ல ஒரே மாதிரியான பூச்சியைத் தேடிப்போயிருக்கிறார்கள். விசுவாசி மனிதனின் பாவத்தை நினைத்து அஞ்சுகிறார். ஐயவாதி மனித அறிவின் எல்லையை நினைத்துத் தயங்குகிறார். பழமைவாத மனப்பாங்குக்குப் பிரபஞ்சத்தைப் பற்றிய எந்தக் குறிப்பிட்ட நம்பிக்கையும் அவசியமில்லை என்று ஆங்கிலத் தத்துவவாதி மைக்கேல் ஓக்ஷாட் 1956இல் சொன்னது ஹியூமின் வழியில்தான். ஆகவே உங்களுக்கு இங்கே இடம் உண்டு.

ஆனால் ஹியூமின் வழியும் பர்க்கின் வழியும் ஒன்றே என்று எழுதிவிடாதீர்கள். சமுதாயம் என்பது வாழ்பவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கும் இடையிலான கூட்டு என்ற பர்க்கின் வாக்கியம் எல்லாத் தொகுப்புகளிலும் இருக்கும். அதை அடுத்து வரும் வாக்கியத்தைப் பெரும்பாலோர் வெட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு நாட்டின் ஒப்பந்தமும், காணும் உலகையும் காணாத உலகையும் இணைக்கும் நித்திய சமுதாயத்தின் ஆதி ஒப்பந்தத்தில் ஒரு விதி மட்டுமே என்கிறது அது. ஹியூமிடம் இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு இடமே இல்லை. இதனால் நடைமுறையில் என்ன வேறுபாடு என்று கேட்டால், வங்காளத்தின் தலைமை ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நடந்த விசாரணையைப் பாருங்கள். கட்டற்ற அதிகாரம்தான் ஆசியாவின் வழக்கம், அந்த வழக்கப்படியே ஆண்டேன் என்பது ஹேஸ்டிங்ஸ் தரப்பின் வாதங்களில் ஒன்று. 1788இல் விசாரணையைத் தொடங்கிவைத்துப் பேசிய பர்க், நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் நற்குணங்கள் செத்துவிடுமா என்று கேட்டு, இதைப் பூகோள ஒழுக்கம் என்று ஏளனம் செய்தார். வழக்கத்தைப் போற்றியவரே வழக்கத்துக்கு மேலே ஒரு சட்டம் உண்டு என்று நின்றார் (1795இல் ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார் என்பது வேறு கதை). சமய வேர் என்பது இருப்பதையெல்லாம் இருந்தபடியே காக்கச் சொல்வது என்று எழுதுபவர்கள் பர்க்கைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

இனி முகவர் விஷயம். உங்களுக்கு வந்த தொகுப்பில், தீமை வெல்வதற்கு நல்லவர்கள் எதுவும் செய்யாமலிருந்தாலே போதும் என்ற வாசகம் பர்க் பெயரில் இருக்குமென்று பந்தயம் கட்டுவேன். அது அவருடைய எழுத்தில் எங்கும் கிடையாது. அடுத்து, பர்க்கின் ஆறு கொள்கைகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். அப்படிப் பர்க் எதையும் எண்ணிட்டு வைக்கவில்லை. பழமைவாதத்துக்கு ஆறு கூறுகளை வகுத்துத் தெய்வீக ஒழுங்கை முதலில் வைத்தவர் ரஸ்ஸல் கிர்க் என்ற அமெரிக்கர், ஆண்டு 1953. மூன்றாவதாக, மரபுவாதம் என்ற சொல்லை மட்டும் பார்த்து பிரெஞ்சு எழுத்தாளர் ரெனே கெனான் பெயரையும் உள்ளே நுழைத்திருப்பார்கள். எல்லாச் சமயங்களுக்கும் அடியில் ஒரே ஆதி ஞானம் இருப்பதாகச் சொன்ன அவருடைய பள்ளி வேறு, பர்க்கின் வழி வேறு. பணம் கட்டினால் பத்து நாளில் பிரசுரம் என்பவர்கள் எவரும் இந்தப் பிழைகளைத் திருத்த மாட்டார்கள், ஏனென்றால் படித்துப் பார்ப்பது அவர்கள் தொழிலில் சேராது. நூல், ஆண்டு, பகுதி மூன்றும் இல்லாமல் பெயர் மட்டும் தாங்கி வரும் மேற்கோளைக் கட்டுரையில் சேர்க்காதீர்கள்.

இவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஐந்து கூறுகளை விளக்குக என்று ஆண்டுதோறும் அதே கேள்வியைக் கேட்கும் பாடத்திட்டமும், எத்தனை அடிக்குறிப்பு என்று எண்ணிப் பார்த்து மதிப்பெண் போடும் முறையும் இருக்கும்வரை முகவர்களுக்குப் பஞ்சம் வராது. அரசியல் துறையில் அகுஸ்தினாரைத் திறக்காமலே பட்டம் வாங்கலாம், இறையியல் துறையில் பர்க்கைத் தொடாமலே வாங்கலாம். பிறகு இரண்டுக்கும் தொடர்பு என்ன என்று கருத்தரங்கு நடத்துகிறார்கள்!

நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு. நீங்கள் படிக்க வேண்டிய மூன்றும் காப்புரிமைக் காலம் முடிந்த பழைய எழுத்துகள்; எவருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. முதலில் பிரைஸின் பிரசங்கத்தை முழுமையாகப் படியுங்கள், ஓர் அமர்வில் முடிந்துவிடும். பிறகு பர்க்கின் நூலில் அந்த ஒப்பந்தப் பகுதியை முன்னும் பின்னும் பத்துப் பக்கங்களோடு படியுங்கள். அதன் பின் ஹியூமின் கட்டுரை. பட்டுப்புழுவையும் கோடைக்கால ஈயையும் எதிரெதிரே வைத்து, எது வரை இருவரும் சேர்ந்து வருகிறார்கள், எந்த வாக்கியத்தில் பிரிகிறார்கள் என்று காட்டினாலே உங்களுக்குத் தந்திருக்கும் இருபது நிமிடம் சரியாக இருக்கும். உங்களுக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்று அவையில் எவராவது கேட்டால், அது கட்டுரையின் பொருள் அல்ல என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.